எல்.இ.டி. மாஸ்க் எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பருவுக்கும் சுருக்கத்துக்கும் முகத்தில் போட்டுக்கொள்ளும், உட்புறம் சிறு விளக்குகள் பதித்த முகமூடிதான் எல்.இ.டி. மாஸ்க். அதை வாங்கிய எல்லோரும் முதலில் குழம்புவது நேரக்கணக்கில்தான். பெட்டிக்குள் இருக்கும் தாள் 10 நிமிடம் என்கிறது, தோழி 3 நிமிடம் போதும் என்கிறார், வீடியோவில் ஒருவர் அரை மணி நேரம் மாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறார். மூவர் கையிலும் இருப்பது வெவ்வேறு மாஸ்க். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் ஒருவரின் கணக்கு இன்னொருவருக்குப் பொருந்தாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை தெளிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிமிடத்தைக் கூட்டிப் பெற முடியாத பலனை, விடாமல் சில மாதம் போட்டுப் பெறலாம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம், எத்தனை நாள்?

உங்கள் மாஸ்க்கோடு வந்த கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் முதல் பதில். கையேடு தொலைந்துவிட்டது, தயாரிப்பாளரின் தளத்திலும் விவரம் கிடைக்கவில்லை என்றால், ஒரு தடவைக்கு 10 நிமிடம், வாரத்தில் 3 முதல் 5 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி மாஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில்தான் வருகின்றன. இதை 12 வாரம் தொடர வேண்டும். அதற்குள் நிறுத்திவிட்டு "பலன் இல்லை" என்று சொல்வது சரியான கணிப்பாக இருக்காது.

ஒரு மாஸ்க்குக்கு 3 நிமிடம், இன்னொன்றுக்கு 10, வேறொன்றுக்கு 20. ஏன் இந்த வித்தியாசம்?

சருமத்துக்கு வேண்டியது ஒளியின் டோஸ். அது இரண்டைப் பொறுத்தது: ஒளி எவ்வளவு வலுவாக விழுகிறது, எவ்வளவு நேரம் விழுகிறது. ஒளியின் வலுவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்று சொல்வார்கள். அதை நொடிகளால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்பது கிடைக்கும். அதுதான் டோஸ்.

ஒரு மாஸ்க் 30 மில்லிவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது 600 நொடி. 30 பெருக்கல் 600, வகுத்தல் 1000: 18 ஜூல். இன்னொரு மாஸ்க் 65 மில்லிவாட் தருகிறது, 3 நிமிடம்தான் எரிகிறது. 65 பெருக்கல் 180, வகுத்தல் 1000: கிட்டத்தட்ட 12 ஜூல். நிமிடத்தில் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம், ஆனால் டோஸில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. மூன்றாவதாக, 10 மில்லிவாட் மட்டுமே தரும் வலுக்குறைந்த மாஸ்க்கில் 10 நிமிடம் உட்கார்ந்தால் கிடைப்பது 6 ஜூல்தான்.

அதனால் வாங்கும்போது விளக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மில்லிவாட் எவ்வளவு, அலைநீளம் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) எத்தனை நானோமீட்டர் என்ற இரண்டையும் எழுத்தில் தராத நிறுவனத்தின் நேரக்கணக்கை எப்படி நம்புவது? கொடுத்திருக்கும் மில்லிவாட் கணக்கிலும் ஒரு கவனம் வேண்டும். சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரை வைத்து எல்.இ.டி.யை அளந்தால் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நம்ப முடியாத பெரிய எண் கண்ணில் பட்டால் சற்றுத் தயங்குங்கள்.

கையேட்டில் சொன்னதைவிடக் கூடுதல் நேரம் போட்டால் சீக்கிரம் பலன் கிடைக்காதா?

கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ள, ஒளி உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உள்வாங்கிக்கொள்வது முக்கியமாக அதுதான் என்று கருதப்படுகிறது. அதன் பலனாகச் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது. சருமத்தை உறுதியாக வைக்கும் புரதமான கொலாஜனை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் சுறுசுறுப்பாகின்றன.

ஆனால் இந்தத் தூண்டுதலுக்கு ஒரு எல்லை உண்டு. டோஸ் மிகக் குறைந்தால் ஒன்றும் நடக்காது. ஓரளவில் நல்ல விளைவு வரும். அதையும் தாண்டிப் போனால் விளைவு குறையும், சில சமயம் எதிர்த்திசையில்கூடப் போகும். ஆய்வாளர்கள் இதை இருமுக டோஸ் விளைவு என்கிறார்கள். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரிதான் இதுவும், அளவுக்கு மேல் பாய்ச்சினால் வேர் அழுகும்.

10 நிமிடத்துக்குப் பதில் ஒருநாள் 12 நிமிடம் ஆகிவிட்டதா? பரவாயில்லை. மாஸ்க்கோடு அப்படியே தூங்கிவிட்டேன் என்று பலர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். தானாக அணையும் டைமர் உள்ள மாஸ்க் என்றால் கவலையே இல்லை. டைமர் இல்லாத மாஸ்க்கை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போடலாமா?

கையேடு அப்படிச் சொல்லாதவரை வேண்டாம். ஒளி பட்ட பிறகு செல்களில் நடக்கும் வேலை மாஸ்க்கைக் கழற்றியதும் முடிந்துவிடுவதில்லை, மணிக்கணக்கில் தொடர்கிறது. அதற்கு இடைவெளி கொடுங்கள். ஒரு நாளில் இரண்டு தடவை போட்டுவிட்டு அப்புறம் நான்கு நாள் மறந்துபோவதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒழுங்காகப் போடுவது எவ்வளவோ மேல்.

அப்படியென்றால் தினமும் போடவே கூடாதா?

போடலாம், எதற்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. பருவுக்கும் சுருக்கத்துக்கும் ஆய்வுகளில் பயன்படுத்திய கணக்குகள் வேறுவேறு.

2000-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், லேசானது முதல் நடுத்தரம் வரை பரு உள்ள 107 பேர் பங்கேற்றார்கள். தினமும் 15 நிமிடம், 12 வாரம். 415 நானோமீட்டர் நீல ஒளியும் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் சேர்ந்து பெற்றவர்களுக்குச் சிவந்து வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. நீலம் மட்டும் பெற்றவர்களைவிடவும், பென்சாயில் பெராக்சைடு க்ரீம் பூசியவர்களைவிடவும் இவர்களுக்கு நல்ல பலன். பரு என்றால் தினமும் போடச் சொல்லும் மாஸ்க்குகள் இருப்பதில் வியப்பில்லை.

சுருக்கம், தொய்வு பற்றிய ஆய்வுகளில் கதை வேறு. 2014-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 136 பேர் பங்கேற்றார்கள், ஒளி பெற்றவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் 30 தடவை. 2023-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 45 முதல் 70 வயது வரையான 20 பெண்கள் 630 நானோமீட்டர் மாஸ்க்கை வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு முறையும் 12 நிமிடம், மூன்று மாதம் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கிடைத்த டோஸ் 15.6 ஜூல். சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க மாஸ்க் போடாத குழுவும் அதில் இல்லை. ஆனாலும் சுருக்கத்தின் ஆழம் குறைந்ததையும் சருமம் உறுதியானதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டே தடவை என்பதைக் கவனியுங்கள். "தினமும் முடியவில்லையே" என்று வருந்துகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

நிறத்துக்கு ஏற்ப நேரம் மாறுமா? எந்த நிறம் எதற்கு?

நீலம், சுமார் 415 நானோமீட்டர்: பருவுக்கு. பருவோடு தொடர்புடைய பாக்டீரியா போர்ஃபிரின் என்ற பொருளைச் சுரக்கிறது. அந்தப் போர்ஃபிரின் நீல ஒளியை உறிஞ்சி, பாக்டீரியாவையே கொல்லும் ஆக்சிஜன் வடிவத்தை உண்டாக்குகிறது. நீல ஒளி சருமத்தில் அதிக ஆழம் போகாது. அதனால் சிவந்த, சிறிய பருக்களுக்குத்தான் அது கைகொடுக்கும். மூக்கில் இருக்கும் கரும்புள்ளிகளுக்கோ (பிளாக்ஹெட்ஸ்), உள்ளே உருண்டு வலிக்கும் பெரிய கட்டிப் பருக்களுக்கோ அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். கட்டிப் பரு தழும்பாக மாறும், சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

சிவப்பு, சுமார் 630 முதல் 660 வரை: சுருக்கத்துக்கும், சருமத்தின் சிவப்பைத் தணிக்கவும். அகச்சிவப்பு, சுமார் 830: இன்னும் ஆழமாகப் போகும், பெரும்பாலும் சிவப்போடு சேர்த்தே வரும். மஞ்சள், பச்சை, ஊதா என்று ஏழு வண்ணம் காட்டும் மாஸ்க்குகளும் இருக்கின்றன. சிவப்பு, நீலம், அகச்சிவப்பு மூன்றுக்கும் இருக்கும் அளவு ஆய்வு மற்ற நிறங்களுக்கு இல்லை. வண்ண எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக 10 நிமிடம் வைத்து, ஒரே மாலையில் நாற்பது நிமிடம் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் பிரச்சினைக்கு உரிய நிறத்தை மட்டும் போட்டால் போதும்.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரிவதில்லையே, எரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கைபேசி கேமராவால் பார்த்துவிடலாம். அறை விளக்கை அணைத்து, மாஸ்க்கை மேசையில் உட்புறம் மேலே தெரியும்படி வைத்து, அகச்சிவப்பு மட்டும் எரியும் முறைக்கு மாற்றுங்கள். வெறும் கண்ணுக்கு மாஸ்க் அணைந்து கிடப்பது போலத்தான் தெரியும், உற்றுப் பார்த்தால் சில விளக்குகளில் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியலாம். இப்போது கைபேசியின் முன்பக்க கேமராவை அதன்மேல் பிடியுங்கள். திரையில் வெளிர் ஊதாப் புள்ளிகள் வரிசையாக மின்னினால் எரிகிறது என்று பொருள். பின்பக்க கேமராக்கள் சிலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும், அதனால் முன்பக்கம்தான் நல்லது. உங்கள் கேமராவுக்கு இது தெரிகிறதா என்று டிவி ரிமோட்டின் முனையை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது ஒரு வரிசை முழுக்க இருட்டாக இருந்தால் விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள். ஒன்று கவனம்: அகச்சிவப்பு தெரியவில்லை என்பதற்காக விளக்குகளைக் கிட்டத்தில் முறைத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியாததால் கண்மணி சுருங்காது, ஒளி தடையில்லாமல் உள்ளே போகும்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

முதல் ஒன்றிரண்டு வாரத்தில் முகம் கொஞ்சம் தெளிவாகத் தெரியலாம், சிவப்பு அடங்கலாம். பருவுக்கு 4 முதல் 8 வாரம், முழுப் பலனுக்கு 12 வாரம். சுருக்கத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும், ஏனென்றால் கொலாஜன் மெதுவாகத்தான் உருவாகும்.

கண்ணாடியை நம்பாதீர்கள், தினமும் பார்க்கும் முகத்தில் மெல்ல வரும் மாற்றம் கண்ணில் படாது. முதல் நாளே ஒரு புகைப்படம் எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், முகத்தில் எதுவும் பூசாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள், சில கைபேசிகளில் அது தானாகவே வேலை செய்துகொண்டிருக்கும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

நல்ல பலன் வந்துவிட்டது. இனி நிறுத்திவிடலாமா?

நிறுத்தினால் முகம் கெட்டுப்போகாது. ஆனால் பருவை உண்டாக்கும் காரணங்கள் அப்படியே இருக்கும், வயதும் நிற்கப்போவதில்லை. அதனால் பலன் மெல்லக் கரையும். நான் மேலே சொன்ன பிரெஞ்சு ஆய்வில், நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் மாற்றம் நீடித்தது. 12 வாரம் முடிந்ததும் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவையாகக் குறைத்துத் தொடருங்கள். இந்தப் பராமரிப்புக் கட்டத்தில் பலரும் தளர்ந்துவிடுகிறார்கள். வாரத்தில் எந்தெந்த நாள் என்று முன்பே முடிவு செய்துகொண்டால் எளிது.

பயணம் போய்விட்டேன், ஒரு வாரம் விட்டுப்போச்சு. ஈடுகட்ட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரட்டிப்பு நேரம் போட்டு ஈடுகட்ட முடியாது.

மாநிறம் அல்லது கருமை நிறச் சருமம் உள்ளவர்கள் போடலாமா? மங்கு இருந்தால்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான விளம்பரங்கள் இதைத் தொடுவதே இல்லை.

சருமம் கருப்பது புற ஊதாக் கதிரால் மட்டும் என்று நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறமியைத் தூண்டும், அதிலும் நீலம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் 415 நானோமீட்டர் நீல ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தோலில் தனித்தனியே செலுத்தி ஒப்பிட்டார்கள். நீலம் பட்ட இடம் கருத்தது, அந்தக் கருமை வாரக்கணக்கில் நின்றது. சிவப்பு பட்ட இடத்தில் அப்படி நடக்கவில்லை. நிறமிச் செல்களில் இருக்கும் ஆப்சின்-3 என்ற ஒளி உணரிதான் நீலத்தைக் கண்டுகொள்கிறது என்று பின்னர் தெரியவந்தது. நிறமி அதிகம் உள்ள சருமத்தில் இந்தக் கருமை இன்னும் தெளிவாகத் தெரியும், மறையவும் நாளாகும்.

மாஸ்க்கின் டோஸ் பொதுவாக அந்த ஆய்வில் கொடுத்ததைவிடக் குறைவு. இருந்தாலும் என் கருத்து இதுதான்: மங்கு உள்ளவர்கள், பரு போன இடத்தில் கருந்தழும்பு விழும் சருமம் உள்ளவர்கள், நீல ஒளியை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பருவுக்காகப் போட்டே ஆக வேண்டும் என்றால், நீலமும் சிவப்பும் சேர்ந்த மாஸ்க்கை வாரத்துக்கு இரண்டு தடவையில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்துப் புகைப்படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். திட்டு அடர்ந்தால் அன்றோடு நிறுத்துங்கள்.

சிவப்பு, அகச்சிவப்பு பெரும்பாலும் பிரச்சினை தராது. ஆனால் மங்குக்கு வெப்பமும் ஆகாது. போட்டிருக்கும்போது முகம் சூடாகும் மாஸ்க் என்றால், மங்கு உள்ளவர்கள் நேரத்தைக் குறைக்கவோ விட்டுவிடவோ வேண்டியிருக்கும். மங்கு ஒருமுறை கிளறப்பட்டால் அடக்குவது எவ்வளவு பாடு என்று அதோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டால் போதுமா, கண்ணாடி போட வேண்டுமா?

மாஸ்க்கோடு கண் காப்பு கொடுத்திருந்தால் தவறாமல் போடுங்கள். இமை மெல்லிய தோல், அதைத் தாண்டி ஒளி உள்ளே போகும். நீல ஒளி மாஸ்க் என்றால் கண் காப்பு கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

2019-ல் நியூட்ரோஜினா நிறுவனம் தன் பரு மாஸ்க்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தினமும் 10 நிமிடம் போடும் மாஸ்க் அது. சில விழித்திரை நோய்கள் உள்ளவர்களுக்கும், ஒளி உணர்திறனைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கப்படலாம் என்ற கவலையே காரணம். பாதிப்பு எல்லோருக்கும் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் கண்ணை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அது போதும். மாஸ்க்கைக் கழற்றிய பிறகு நிறம் மாறித் தெரிவது சில நிமிடத்தில் சரியாகிவிடும். வலி, மங்கல், கண்முன் புள்ளி மிதப்பது போன்றவை இருந்தால் நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்.

யாரெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது?

டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற பரு மாத்திரைகள், ஐசோட்ரெட்டினோயின், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, இதயத் துடிப்புக்கான அமியோடரோன் எடுப்பவர்கள். லூபஸ், போர்ஃபிரியா உள்ளவர்கள். விழித்திரை நோய் உள்ளவர்கள். ஒளி மின்னினால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்கள். தோல் புற்றுநோய் வந்தவர்கள், முகத்தில் சந்தேகமான மச்சம் இருப்பவர்கள். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள், பிரசவம் வரை தள்ளிவைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இந்தப் பட்டியலில் பலரும் கோட்டை விடுவது பரு மாத்திரையைத்தான். பருவுக்கு மாத்திரையும் சாப்பிட்டு, அதே பருவுக்கு மாஸ்க்கும் வாங்குவது இயல்பு. மாஸ்க் வாங்கியதை மருத்துவரிடம் சொல்லத் தோன்றுவதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

சீரம், க்ரீம் எல்லாம் முன்பா, பின்பா?

மாஸ்க் போடும்போது முகம் கழுவித் துடைத்து, காய்ந்து, வெறுமையாக இருக்க வேண்டும். மேக்கப்பும் சன்ஸ்கிரீனும் கட்டாயம் போக வேண்டும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், நிறம் கலந்த ஃபவுண்டேஷன் உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் 10 நிமிடம் உட்கார்ந்து என்ன பயன்?

வைட்டமின் சி, நியாசினமைடு, மாய்ஸ்சரைசர் எல்லாம் பிறகு. ரெட்டினால், அமிலச் சீரம் பூசுகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் அவற்றை மாஸ்க் இல்லாத இரவுகளுக்கு ஒதுக்குங்கள். சருமம் பழகியதும் மாஸ்க்குக்குப் பிறகு பூசிப் பார்க்கலாம். ஒன்றாகத் தொடங்கினால், எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாது.

காலையா, இரவா?

எப்போது போட்டால் விடாமல் போடுவீர்களோ அப்போது. பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. இரவில் முகம் கழுவிய கையோடு போடுவது பலருக்கு வசதி. நீல ஒளி மட்டும் தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகலாம். காலையில் போட்டாலும் சன்ஸ்கிரீன் வழக்கம்போல உண்டு. எல்.இ.டி. ஒளியில் புற ஊதா இல்லை, அதனால் வெயில் தாங்கும் சக்தியையோ வைட்டமின் டியையோ அது தராது.

போட்ட பிறகு முகம் சிவக்கிறது. சரிதானா?

ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் லேசான சிவப்பும் கதகதப்பும் இயல்பு. அடுத்த நாளும் நீடித்தால், அரித்தால், தோல் உரிந்தால் ஒரு வாரம் நிறுத்துங்கள். பிறகு பாதி நேரத்தில், வாரத்துக்கு இரண்டு நாளில் தொடங்குங்கள். மறுபடியும் வந்தால் உங்கள் சருமத்துக்கு அது ஒத்துவரவில்லை. சிவப்பு ஒரே இடத்தில், நெற்றிப் பட்டையிலோ மூக்குத் தண்டிலோ மட்டும் வந்தால் அது மாஸ்க்கின் அழுத்தம் அல்லது சிலிகானின் உரசலாக இருக்கலாம். பட்டையைத் தளர்த்திப் பாருங்கள்.

முகத்தில் முடி வளர்ந்துவிடுமா?

இந்தப் பயம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1960களில் புடாபெஸ்டில் எண்டிரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகள்மேல் வலுக்குறைந்த ரூபி லேசரைச் செலுத்தியபோது முடி வேகமாக வளர்ந்ததைக் கண்டார். இந்த ஒளிச் சிகிச்சைத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. தலைமுடிக்கான சிவப்பு ஒளித் தொப்பிகளும் அதன் வழி வந்தவையே. ஆனால் அவை ஏற்கெனவே இருக்கும், மெலிந்துபோன முடிவேர்களை ஊக்குவிப்பவை. புதிய வேர்களை ஒளி உருவாக்காது. ஹார்மோன் காரணமாகத் தாடையிலும் உதட்டின் மேலும் முடி வளரும் பெண்கள் மட்டும் அந்த இடத்தைக் கவனித்து வாருங்கள்.

தாடி வைத்த ஆண்களுக்கு ஒரு சொல்: அடர்ந்த தாடிக்குக் கீழே ஒளி சரியாகப் போய்ச் சேராது. அங்கே பலன் குறைவாக இருந்தால் மாஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டாமல் இருந்தால் நேரத்தைக் கூட்டணுமா?

கூட்ட வேண்டாம், சரியாகப் பொருத்துங்கள். விலக விலக ஒளி பரந்து வலு குறையும். சிலிகான் மாஸ்க்கைப் போட்டதும் மூக்கின் இரு பக்கமும் தாடைக்குக் கீழும் விரலை விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இடைவெளி விழும். உட்கார்ந்து போடுவதைவிட மல்லாந்து படுத்துப் போட்டால் அதன் எடையே அதை முகத்தில் படிய வைக்கும். முகத்தில் போடாமல் எதிரே வைத்து உட்காரும் பேனல் விளக்குகளின் கணக்கு முற்றிலும் வேறு. எத்தனை சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் எத்தனை நிமிடம் என்று அதன் கையேட்டில் இருக்கும்.

ஒரே மாஸ்க்கை வீட்டில் எல்லோரும் போடலாமா?

போடலாம், ஒவ்வொருவர் போட்ட பிறகும் துடைத்தால். ஈரத் துணியில் மென்மையான சோப்பு நீர் போதும். ஆல்கஹால் சில சிலிகான்களைக் கெடுத்துவிடும், கையேட்டைப் பாருங்கள். தண்ணீரில் முக்க வேண்டாம். முகத்தில் உதட்டுப் புண்ணோ சீழ்ப் பருவோ இருப்பவர் அது ஆறும்வரை தனியாக வைத்துக்கொள்ளட்டும். நேரக்கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன மருந்துப் பட்டியலை ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

12 வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றமே இல்லை. இன்னும் தொடரலாமா?

முதலில் நான்கு விஷயம் பாருங்கள். அலைநீளம் உங்கள் பிரச்சினைக்கு உரியதுதானா? விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா? சார்ஜ் குறைந்த நிலையில் போட்டு வந்தீர்களா? முகத்தில் க்ரீம் பூசியபடி போட்டீர்களா? இதில் ஏதாவது தவறியிருந்தால் சரிசெய்து இன்னும் 8 வாரம் கொடுக்கலாம்.

நான்கும் சரியாக இருந்து, புகைப்படத்தில் துளி மாற்றமும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நேரத்தை இருபது நிமிடமாக்கிப் பார்க்கலாமா, இன்னும் விலை உயர்ந்த மாஸ்க் வாங்கலாமா என்று மனம் அலையும். அந்தக் காசில் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். பரு என்று நீங்கள் நினைத்திருப்பது ரோசேசியா என்ற, முகம் சிவக்கும் தோல் நோயாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. போகும்போது அந்த நான்கு வாரப் புகைப்படங்களையும், மாஸ்க்கின் அலைநீளம், மில்லிவாட், நீங்கள் போட்ட நிமிடக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.